அலை அடியில் போய்விடுகிறதா, மூக்கு குத்துகிறதா? கொங்குப் பக்கத்திலிருந்து அலைச்சறுக்குப் பழகப் போகிறவர்களுக்கு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று நம் பக்கத்திலிருந்து வாரக்கடைசியில் வண்டியெடுத்துக்கொண்டு அலைச்சறுக்குப் பழகப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மேற்கே கோழிக்கோடு, வர்கலா. கிழக்கே கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி. எங்கே போனாலும் பாதி நேரம் பயணத்திலேயே கழிந்துவிடுகிறது, தண்ணீரில் கிடைப்பது இரண்டு காலைகள்தான். அந்த இரண்டு காலையும் ஒரே கோளாறில் போய்விட்டால் வயிறெரியும். திரும்பி வந்ததும் எனக்கு வருகிற போன்களில் புகார் மாறுவதில்லை, கடைசியில் வருகிற கேள்வியும் மாறுவதில்லை: "போர்டு சரியில்லைங்ணா, சொந்தமா ஒண்ணு வாங்கிரட்டுங்களா?"

வாங்காதீர்கள், இப்போதைக்கு. பெரும்பாலும் கோளாறு போர்டில் இருக்காது. நீங்கள் படுத்த இடம், கிளம்பிய நேரம், பிடிக்கப் பார்த்த அலை, இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும், மூன்றையும் காசில்லாமல் சரிசெய்யலாம். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, வரிசையாகச் சோதித்துக்கொண்டே வாருங்கள், சரியான இடத்தில் நின்றுவிடுங்கள். முதல் பாடத்தைப் பயிற்சியாளரிடம் முடித்தவர்கள், நீச்சல் தெரிந்தவர்கள், காலில் லீஷ் (போர்டையும் காலையும் இணைக்கிற கயிறு) கட்டாமல் இறங்காதவர்கள், இவர்களுக்குத்தான் இது.

முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: கையைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், கரை தூரமாகப் போகிறது

இது இழுவை நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எங்காவது ஒரு சந்து வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். வாய்க்கால் முழுக்கத் தேங்கி நிற்கிற தண்ணீர், மதகைக் கொஞ்சம் தூக்கியதும் அந்த ஒரு சந்தில் எப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

*இறங்குவதற்கு முன் சோதனை:* இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, மேல்பரப்பு சுருக்கம் விழுந்தாற்போல் இருக்கிறதா? நுரையும் கலங்கிய மணலும் அந்த வழியாக வெளியே போகிறதா? புதிதாக வருகிறவர்களுக்கு "இங்கே அலையே இல்லை, இறங்க சௌகரியம்" என்று தோன்றும் இடம் அதுதான். அங்கே இறங்கக் கூடாது.

*மாட்டிக்கொண்டால்:* போர்டை விடாதீர்கள், எந்தக் காரணத்துக்கும். அதன்மேல் படுத்துக்கொண்டு, கரையை நேராகப் பார்த்துக் கை போடுவதை நிறுத்துங்கள். கரைக்கு இணையாக, வெள்ளை நுரை தெரிகிற பக்கம் பார்த்துப் போங்கள். அந்தப் பட்டையைத் தாண்டியதும் அலையே கரைக்குத் தள்ளிவிடும்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* பக்கவாட்டில் போயும் பட்டை விடவில்லை, கை ஓய்ந்துவிட்டது என்றால் தயங்காமல் ஒரு கையை உயர்த்தி அசையுங்கள். கரையில் இருப்பவர்கள் லைஃப்கார்டையோ மீனவர்களையோ கூப்பிட வேண்டும். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. வாட்ஸப் குரூப்பில் கேட்டுக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.

அறிகுறி: அலை அடியில் போய்விடுகிறது, போர்டு கிளம்பவே மாட்டேன் என்கிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். முதலில் ஒரு கேள்வி: நீங்கள் பிடிக்கப் பார்த்தது ஏற்கெனவே உடைந்து வரும் நுரை அலையா, இன்னும் உடையாத பச்சை அலையா?

*நுரை அலை என்றால்*

படுக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு அலைக்கு நடுவே தண்ணீர் அமைதியாக இருக்கும்போது போர்டில் படுத்துக்கொள்ளுங்கள், கூட வந்தவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். போர்டின் மூக்கு, அதாவது முன் நுனி, தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சாணுக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள், வால் தண்ணீருக்குள் அமுங்கி பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்து மறுபடி பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் தாடை போர்டில் எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மெழுகால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு படுக்கலாம்.

அது சரி என்றால், கிளம்பும் நேரம். நுரை முதுகில் வந்து மோதிய பிறகு கை போடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று நான்கு மீட்டர் பின்னால் வரும்போதே ஆரம்பித்து, அது தொடும்போது போர்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் கை. நம்மூரில் முக்கால்வாசிப் பேர் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே நல்லதுதான், போர்டில் நெஞ்சைத் தூக்கித்தான் படுக்க வேண்டும். ஆனால் கை மட்டும் படபடவென்று முன்னாலேயே அடித்துக்கொண்டிருக்கும். கையை நீட்டி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, இடுப்பு வரை இழுங்கள். வேகமாகப் பத்துத் தடவை அடிப்பதைவிட நிதானமாக ஆழமாக ஐந்து தடவை இழுப்பதில் போர்டு அதிகம் நகரும். கால்கள் இரண்டும் சேர்ந்திருக்கட்டும், விரித்துப் போட்டால் போர்டு ஆடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கடைசி நொடியில் அலை நழுவுகிறதா? அப்படியானால் சீக்கிரம் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். வால் உயர்ந்ததும் "பிடித்துவிட்டேன்" என்று கையை எடுத்துப் போர்டில் ஊன்றிவிடுகிறோம். அதற்கு மேல் இரண்டு இழுப்பு போடுங்கள். அந்த இரண்டு இழுப்பில்தான் பாதிப் பேருக்கு இந்த அறிகுறியே தீர்ந்துபோகிறது.

*பச்சை அலை என்றால்*

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போதுதான் அது உடையும். அதாவது 1 மீட்டர் அலை, நெஞ்சளவுத் தண்ணீரில் உடையும். கால் எட்டாத ஆழத்தில் உட்கார்ந்துகொண்டு இடுப்பளவு அலைக்குக் காத்திருந்தால் அது உங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே அலை மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, நாம் கை போட்டு அதில் பாதி வேகம் போனாலே பெரிசு. மீதி வேகத்தைச் சரிவுதான் கொடுக்க வேண்டும், சரிவு இருப்பது உடையும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும்.

*சோதனை:* கடைசியாக வந்த நல்ல அலை எங்கே உடைந்தது என்று பார்த்து, கரையில் இரண்டு அடையாளம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தென்னை, அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்று. அந்தக் கோட்டில், உடைந்த இடத்திலிருந்து ஒரு போர்டு நீளம் மட்டும் வெளியே உட்காருங்கள். கடல் நம்மை நகர்த்திக்கொண்டே இருக்கும், அடையாளம் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் வேறெங்கோ இருப்போம்.

*கடைசிக் காரணம், செலவுள்ளது:* போர்டு சின்னது. பழகுகிறவருக்குப் போர்டின் கொள்ளளவு லிட்டர் கணக்கில் அவருடைய கிலோ எடைக்குக் குறையக் கூடாது, அதிகம் இருந்தால் நல்லது. 75 கிலோ ஆள் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதென்று 40 லிட்டர் போர்டை எடுத்தால் அலை எப்படிப் பிடிக்கும்? 8 அடி, 9 அடி மெத்தென்ற ஃபோம் போர்டை வாடகைக்குக் கேளுங்கள்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* இரண்டு காலை முழுக்க முயன்றும் வரவில்லை என்றால் ஒரு மணி நேரம் பயிற்சியாளரைப் பிடித்து, ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: அவர் பின்னாலிருந்து தள்ளிவிடட்டும். தள்ளினால் ஓடுகிறது என்றால் உங்கள் கையிலும் நேரத்திலும் கோளாறு. தள்ளியும் நிற்கிறது என்றால் படுக்கும் இடத்திலோ போர்டிலோ கோளாறு.

அறிகுறி: மூக்கு குத்திக்கொண்டு தலைகீழாகப் போகிறேன்

மேலே சொன்ன மூக்குச் சோதனையையே செய்யுங்கள், இந்தத் தடவை மூக்கு தண்ணீருக்குள் போயிருக்கும். நான்கு விரற்கடை பின்னால் நகருங்கள். அப்படியும் குத்துகிறது என்றால் கண் எங்கே பார்க்கிறது? போர்டின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலையின் பாரம் முழுக்க முன்னால் போகும். கரையைப் பாருங்கள், நெஞ்சைத் தூக்குங்கள்.

அதுவும் சரி என்றால் தாமதமாகக் கிளம்புகிறீர்கள். திரும்பிப் பார்க்கும்போதே அலையின் உச்சியில் வெள்ளை விழ ஆரம்பித்துவிட்டது என்றால் அதை விட்டுவிட வேண்டியதுதான். எழுந்து உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டால் போர்டு நின்றுவிடும். அலை செங்குத்தாக இருக்கும் நாளில் கரையை நேராகப் பார்க்காமல், எந்தப் பக்கம் உடையாமல் இருக்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கிளம்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எல்லோருக்கும் மூக்கு குத்துகிறதா? அப்போது கரையைப் பாருங்கள். அலை ஓடி வராமல் மணல்மேலேயே "தொம்" என்று விழுகிறது, விழும்போது காலடியிலிருந்து தண்ணீரும் மணலும் சேர்ந்து உறிஞ்சப்படுகிறது என்றால் அது கரையில் குத்தும் அலை. செங்குத்தான கரைகளில் இது உண்டு. இதற்கு வைத்தியம் கிடையாது, இடத்தை மாற்றுங்கள்.

விழுவதைப் பற்றி ஒன்று, இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து வளர்ந்தவர்கள் போர்டிலிருந்தும் அப்படியே பாய்கிறார்கள். கிணற்றில் இரண்டு ஆள் மட்டம், மூன்று ஆள் மட்டம் தண்ணீர் இருக்கும். இங்கே இடுப்பளவுக்குக் கீழே இறுகிய மணல் திட்டு. பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ தட்டையாக விழுங்கள், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு எழுந்திருங்கள். விழுந்தபின் கழுத்து வலித்தாலோ, கை விரல்கள் மரத்தாலோ கழுத்தை அசைக்கவே கூடாது. அப்படியே தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்து 108க்குக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: எழுந்து நிற்கிறேன், நின்றதும் விழுகிறேன்

முதலில் தேங்காய் எண்ணெய். உப்புத் தண்ணீர் உடம்புக்கு ஆகாதென்று வீட்டிலேயே பூசிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் போர்டில் இறங்கியபின் கை, கால் எதுவும் பிடிக்காது. சன்ஸ்கிரீனும் அதையேதான் செய்யும். உள்ளங்கையையும் வயிற்றையும் ஈர மணலால் தேய்த்துக் கழுவுங்கள், போர்டையும் துடைத்து மெழுகு பூசுங்கள். குளிர்கடலுக்கான மெழுகு நம் வெயிலில் உருகிக் கூழாகிவிடும், வெப்பமண்டலக் கடலுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கடுத்து கை ஊன்றும் இடம். போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ஒரு பக்கம் சாயும். விலா எலும்புக்கு நேராக, தண்டால் எடுப்பதைப்போல் உள்ளங்கையைப் போர்டின்மேல் பதியுங்கள். முழங்காலில் நின்று அங்கிருந்து எழுவதை விட்டுவிடுங்கள், முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடையில்தான் பலர் விழுகிறார்கள்.

இதைக் கடலில் பழக வேண்டியதே இல்லை. வீட்டு வாசலில் கோலமாவால் ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின்மேல் படுத்து, ஒரே மூச்சில் எழுந்து, முன்பாதம் கோட்டின் குறுக்கே விழுகிறதா என்று பாருங்கள். குனிந்து பாதத்தைத் தேடாமல், எதிரே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு எழ வேண்டும். தினமும் பல் விளக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் செய்தால் அடுத்த பயணத்தில் வித்தியாசம் தெரியும். எந்தக் கால் முன்னால் என்று குழப்பமா? கண்ணை மூடி நின்று, பின்னாலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள், தானாக முன்னே வருகிற கால் எதுவோ அதை முதலில் வைத்துப் பாருங்கள், வரவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: நுரையைத் தாண்டி வெளியே போகவே முடியவில்லை

வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய் இறங்கியிருப்பீர்கள். இரவு முழுக்கப் பயணம் செய்த ஆசை, புரிகிறது. ஆனால் அலைகள் கூட்டமாக வரும், நடுவில் ஓர் ஓய்வு வரும். கரையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, பெரிய அலைகள் எத்தனை சேர்ந்து வருகின்றன, அப்புறம் எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பெரிய அலை உடைந்ததும் போர்டைத் தள்ளிக்கொண்டு கிளம்புங்கள்.

வழியில் நுரை வந்தால் போர்டு அலைக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், குறுக்கே திரும்பினால் முகத்தில் அடிக்கும். போர்டை ஒருபோதும் உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதீர்கள். பெரிய போர்டு என்றால் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் புரண்டு, நுரை மேலே போனதும் திரும்பப் புரளுங்கள். பின்னால் ஆள் இருக்கும்போது போர்டை வீசிவிட்டு முங்குவது பெரிய தப்பு, அது அவர் பல்லைப் பெயர்க்கும்.

நேரம் பார்த்து இறங்கியும் மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டால் இன்றைய கடல் உங்களுக்கானதல்ல. இடுப்பளவு நுரையிலேயே பழகுங்கள்.

அறிகுறி: ஆப்பில் நல்ல அலை என்று போட்டிருந்தது, போய்ப் பார்த்தால் இல்லை

*இருக்கிறது, ஆனால் கலங்கிக் கொந்தளிக்கிறது:* நேரத்தைப் பாருங்கள். முற்பகல் போகப்போகக் கடற்காற்று ஏறி அலையைக் குலைத்துவிடும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் நமக்கு. டிபன் முடித்துவிட்டு வருகிறேன் என்றால் முடிந்தது கதை.

காலையிலேயே அப்படியென்றால் மாதத்தைப் பாருங்கள். இதற்கு நம்மிடம் ஆப்பைவிட நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. உடுமலை, பூலவாடி, கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகிற ஆனி, ஆடி, ஆவணியில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்த மேல்காற்றுதான், அம்மியை நகர்த்துகிற அதே ஆடிக்காற்றுதான், தென்மேற்குப் பருவமழையோடு கேரளக் கரையைக் கொந்தளிக்க வைக்கிறது. கிழக்குக் கரையிலோ அந்த மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது, அலையின் முகத்தை நிமிர்த்திச் சீராக்குகிறது. 2025இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை மாமல்லபுரத்தில் நடத்தியது ஆகஸ்டில், நம் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அது நம் ஆடி, ஆவணிக் கணக்குதான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் கணக்கு தலைகீழ்: கிழக்கே புயலும் கொந்தளிப்பும். மார்கழி, தையில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று போகும்போது கோழிக்கோட்டுப் பக்கக் காலைகள் பழகுகிறவர்களுக்கு அருமையாக இருக்கும். காற்றாலை சுற்றினால் கிழக்கே, ஓய்ந்தால் மேற்கே என்று வண்டியைத் திருப்புங்கள்.

*கடல் குளம்போல் கிடக்கிறது:* உயரத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். இரண்டு அலைக்கு நடுவிலான நொடிக் கணக்கையும் பாருங்கள். 1 மீட்டர், 6 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய வலுவில்லாத அலை. அதே 1 மீட்டர், 14 நொடி என்றால் தெற்குப் பெருங்கடலிலிருந்து வருகிற அலை, கரையில் எழும்பி இன்னும் பெரிதாக உடையும். இடமும் முக்கியம். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே அலையே கிடையாது. தெற்கிலிருந்து வருகிற அலையை இலங்கை மறைத்துவிடுகிறது, பாக் நீரிணைக் கரை முழுக்க அப்படித்தான். தீர்த்தமாடப் போகிற இடத்துக்குப் போர்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

*காற்றே இல்லை, ஆனால் அலை விபரீதமாக ஏறுகிறது:* கள்ளக்கடல். எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தது இந்த எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்கிற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளைக் காசில்லாமல் வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள், எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். உள்ளூர் மீனவர் "இன்னைக்கு வேண்டாம் தம்பி" என்றாலும் அப்படித்தான், கேள்வி கேட்காமல் கேளுங்கள்.

அறிகுறி: அலை ஒரே சமயத்தில் நீளமாக மொத்தமாக உடைகிறது, ஓட இடமே இல்லை

அடியில் மணல் ஒரே மட்டமாக இருக்கிறது. கரையோரம் நடந்து, ஓரிடத்தில் முதலில் உடைந்து பக்கவாட்டில் உரிந்துகொண்டே போகும் அலையைத் தேடுங்கள். பாறை, கல் தடுப்பு, முனை இருக்கும் இடங்களில் அப்படி அமையும், பாறைமேல் போய் மோதாத தூரத்தில் நிற்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் நீர்மட்டம் மாறட்டும் என்று ஒன்றிரண்டு மணி நேரம் பொறுங்கள். முகத்துவாரத்திலும் நல்ல அலை அமையும், ஆனால் அங்கே நீரோட்டம் பொல்லாதது, உள்ளூர்ப் பயிற்சியாளர் கூட இல்லாமல் போகாதீர்கள்.

அறிகுறி: போர்டு கனமாகிவிட்டது, ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் ஃபின் (போர்டின் அடியில், வால் பக்கம் இருக்கிற துடுப்பு) திருகு. லூசாகியிருந்தால் இறுக்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அது சரி என்றால் போர்டை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு நிழலில் சாய்த்து வையுங்கள். எல்லா இடமும் காய்ந்தபின்னும் ஓரிடத்தில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தால் அங்கே விரிசல். கடற்கரையிலேயே தெரிந்தால் அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் திரும்பப் போகாதீர்கள், உள்ளே குடித்த உப்புத் தண்ணீர் வெளியே வருவது லேசில்லை. விரிசல் கீழ்நோக்கி இருக்கும்படி சில நாள் நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள்.

சின்ன விரிசலை நீங்களே ரெசின் வைத்து அடைக்கலாம், ஆனால் போர்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு. உடைந்த இடத்தில் தெர்மாகோல் மணிகள் தெரிந்தால் எபாக்சி ரெசின் மட்டும்தான். கோயமுத்தூரில் பம்பர், தொட்டி செய்கிற ஃபைபர் பட்டறைகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின்தான் வைத்திருப்பார்கள், அது தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். பட்டறைக்காரரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். எபாக்சி இல்லையென்றால் கடற்கரையில் போர்டு பழுது பார்க்கிறவரிடம் கொடுப்பதுதான் உத்தமம்.

போர்டின் நடுவில் ஓடும் மரச்சட்டம் முறிந்திருந்தாலோ, மேல்தோல் கொப்புளமாக உப்பி அமுக்கினால் உள்ளே போனாலோ வீட்டுவைத்தியம் வேண்டாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம்: சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் போர்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம், உள்ளே காற்று விரிந்து தோலைத் தூக்கிவிடுகிறது. நிழலில் நிறுத்துங்கள், நிழல் கிடைக்காவிட்டால் வெள்ளை வேட்டியாவது போர்த்துங்கள், நீண்ட பயணத்தில் லீஷையும் ஃபின்னையும் கழற்றித் தனியாகப் பையில் வையுங்கள்.